கிறிஸ்தவ வாழ்க்கையில் பெருமையை விட்டுத் தாழ்மையைப் பழகுவது எப்படி?

பல வருடங்களாகச் சபையின் பாடகர் குழுவை நடத்தி வருகிறீர்கள். புதிதாக வந்த ஓர் இளைஞன் உங்களைவிட நன்றாகப் பாடுகிறான். எல்லோரும் அவனைப் பாராட்டும்போது உள்ளுக்குள் எரிகிறது. "தாழ்மையைத் தாரும் ஆண்டவரே" என்று தினமும் ஜெபித்தும் மாற்றம் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உள்ளுக்குள் எரிகிறது என்று மறைக்காமல் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரியைச் சொல்ல 58 வயது வரை ஆயிற்று. நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவன். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். சபைக் கமிட்டியில் 14 வருடம் இருந்திருக்கிறேன். ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது, வீடுகளுக்குப் போய் ஜெபிப்பது, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவது எல்லாம் உண்டு. பெருமைக்காரன் என்று யாராவது என்னைச் சொல்லியிருந்தால், கோபம் வருவதற்கு முன்பே ஆச்சரியம் வந்திருக்கும்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் நடக்கும் ஸ்தோத்திரப் பண்டிகையைப் பார்த்திருப்பீர்கள். வாழைத்தார், முருங்கைக்காய், கருப்பட்டி, சேவல், முட்டை என்று அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஏலம் நடக்கும். ஒரு வருடம் அந்த ஏலத்தில் ஒரு பூசணிக்காய் வந்தது. கடையில் வாங்கினால் 60 ரூபாய் பெறாது. எனக்கும் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவருக்கும் அப்போது வரப்புத் தகராறு இருந்தது. அவர் 200 என்றார், நான் 300 என்றேன். அவர் ஏற்ற ஏற்ற நானும் ஏற்றினேன். கடைசியில் 4,200 ரூபாய்க்குப் பூசணிக்காய் என் கைக்கு வந்தது. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி, "கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகக் கொடுத்திருக்கிறார்" என்று அறிவித்தார்கள். கைதட்டல். அன்று இரவு முழங்கால் போட்டு நன்றி சொல்லி ஜெபித்தேன்; மனம் நிறைந்திருந்தது. மறுநாள் காலையில் என் மனைவி அந்தக் காயை அரிவாள்மனையில் வைத்துப் பிளந்துகொண்டே, "இதை யாருக்காக வாங்கினீர்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டேன்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமையில் வரும் பரிசேயனும், அதாவது நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதனும், ஸ்தோத்திரம்தான் செய்தான். "மற்ற மனுஷரைப்போலவும், இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்பதுதான் அவனுடைய ஜெபம். அவன் சொன்னதில் பொய் எதுவும் இருந்ததாக வேதம் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசித்தான், தசமபாகம் கொடுத்தான். ஆனால் தேவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவனுடைய ஒரு கண் ஓரமாகப் போய், தூரத்தில் நின்ற ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், மேல் விழுந்துவிட்டது. என் பூசணிக்காய் ஏலத்திலும் அதுதான் நடந்தது. காணிக்கை கர்த்தருக்கு, கண் தோட்டக்காரர் மேல். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் ஜெபத்திலும் அந்த ஓரக்கண் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். தாழ்மையைக் கேட்கிறீர்கள். கேட்கும்போதே அந்தத் தம்பியின் குரல் உங்கள் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது, இல்லையா?

நானும் தாழ்மைக்காக ஜெபித்திருக்கிறேன். நான் நினைத்திருந்த தாழ்மை, இறங்கிப் போய் உதவி செய்வது. குனிந்து கொடுப்பது. அதில் எனக்குக் குறைவே இல்லை என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை உடைந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

மழை நாள் ஒன்றில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து, மாவுக்கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கால் ஊன்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் வெளியூரில். மனைவிக்கு மூட்டுவலி, என்னைத் தாங்கிப் பிடிக்க முடியாது. கேள்விப்பட்டு வந்தவர் எங்கள் ஆலயத்தில் மணி அடித்து, பெருக்கி, விளக்குப் போடுகிற பணியாளர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அதே வருடம் குருத்தோலை ஞாயிறன்று மணி பத்து நிமிடம் தாமதமாக அடித்ததற்காக, கமிட்டியில் 11 பேர் முன்னிலையில் அவரை நான் நிற்கவைத்துப் பேசியிருந்தேன். மனைவிக்குக் காய்ச்சல் என்று அவர் சொல்ல வந்ததை முடிக்கவிடவில்லை.

அவர் அலுமினிய வாளியில் வெந்நீர் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தார். தரையில் உட்கார்ந்தார். "காலைக் காட்டுங்கள் சார்" என்றார். கட்டுப் போடாத இடது கால் ஒரு வாரமாகத் தண்ணீர் படாமல் கிடந்தது. "வேண்டாம் அண்ணாச்சி, நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். குனியவே முடியாதவன் சொன்ன பேச்சு அது. அவர் பதில் பேசாமல் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். விரல் இடுக்கில் இருந்த அழுக்கைச் சோப்புப் போட்டு ஒவ்வொன்றாக எடுத்தார். குதிகாலைத் தேங்காய் நாரால் தேய்த்தார். நகம் வெட்டினார். மணிக்கயிறு இழுத்து இழுத்து அவருடைய உள்ளங்கை காய்ப்பேறியிருந்தது. அந்தச் சொரசொரப்பு இன்றும் என் பாதத்தில் இருக்கிறது. நான் அவரைப் பார்க்க முடியாமல் சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13ஆம் அதிகாரத்தை எத்தனையோ பெரிய வியாழன்களில் சபைக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறேன். வாசிக்கும்போதெல்லாம் சீலையை அரையில் கட்டிக்கொண்டு குனிகிற இடத்தில்தான் என்னை வைத்துப் பார்த்தேன். கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒருமுறைகூட வைத்துப் பார்க்கவில்லை. பேதுரு, "நீர் ஒருபோதும் என் கால்களைக் கழுவப்படாது" என்கிறான். கேட்பதற்குப் பணிவான பேச்சுதான். ஆனால் ஆண்டவர் அதைப் பணிவாக ஏற்கவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார். இவ்வளவு கடுமையான பதில் ஏன் என்பது கட்டிலில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கொடுக்கிறவனாகவே இருக்கும்வரை நான் மேலே இருக்கிறேன். என் அழுக்கு இன்னொருவர் கையில் படும்போதுதான் அவரும் நானும் ஒரே தரையில் இருக்கிறோம்.

தாழ்மையைப் பழகுவது என்றால் முதலில் பெற்றுக்கொள்ளப் பழகுவது. அதிலும், நமக்குக் கீழே இருக்கிறார் என்று நாம் மனதுக்குள் ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோமே, அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளப் பழகுவது. உங்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

இது எனக்கு மட்டும் வந்த நோய் இல்லை. எங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வி. எஸ். அசரியாவை அறிந்திருப்பீர்கள். 1912இல் தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். கேட்டவர்கள் பெரும்பாலும் மேல்நாட்டு மிஷனரிகள். அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை எடுத்து, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் முடித்தார். எத்தனை தியாகம் செய்த கூட்டம் அது! பள்ளிக்கூடம் கட்டினார்கள், மருத்துவமனை கட்டினார்கள், சொந்தப் பிள்ளைகளை இந்த மண்ணில் புதைத்தார்கள். ஆனாலும் அவர்களில் பலருக்கு ஓர் இந்தியரைச் சமமாக உட்காரவைத்துச் சாப்பிட மனம் வரவில்லை. 36 வயதுகூட நிரம்பாத ஒரு நாட்டுக் குருவானவர் அவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது தாழ்மைக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

மிஷனரிகளைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிட வேண்டும் என்று எழுதினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் நம் முன்னோர் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். ஒரே வரிசையில் உட்காரவும், திருவிருந்தின் ஒரே பாத்திரத்தில் வாய் வைக்கவும் அவர்களுக்கு மனம் இல்லை. கிறிஸ்துவின் இரத்தம் என்று விசுவாசித்த பாத்திரம்! யார் குடித்ததற்குப் பிறகு நான் குடிப்பது என்ற கேள்வி அந்த விசுவாசத்தையும் மிஞ்சிவிட்டது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெருமையைப் பற்றிப் பேசும்போது இதைத் தொடாமல் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பழைய ஏற்பாட்டில் வரும் நாகமானும் அப்படித்தான். சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. அவனுக்கு வழி சொன்னது சிறைபிடித்து வந்த ஒரு சிறு பெண். யோர்தானில் ஏழுதரம் முழுகு என்ற செய்தியைச் சொன்னது ஓர் ஆள். தீர்க்கதரிசி வெளியே வரக்கூட இல்லை. கோபித்துக்கொண்டு திரும்பியவனைத் தடுத்துப் புத்தி சொன்னவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். அந்தக் கதை முழுவதும் அவனுக்கு நன்மை கீழிருந்துதான் வருகிறது. பெரிய காரியம் ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தால் செய்திருப்பான்.

கால் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு நான் செய்தவற்றையும் சொல்கிறேன். 11 பேர் முன்னால் அவமானப்படுத்தியதற்கு வீட்டுத் திண்ணையில் தனியாக மன்னிப்புக் கேட்டால் கணக்குச் சரியாகாது. அதனால் அடுத்த கமிட்டியில், அவரை உள்ளே அழைத்து, எழுந்து நின்று, "அன்றைக்கு நான் பேசியது தவறு, என்னை மன்னிக்க வேண்டும்" என்றேன். விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. "ஆனாலும் அன்றைக்குச் சூழ்நிலை" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்குவதற்குத்தான் மிகவும் சிரமப்பட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி, "சரி சார், மணி அடிக்க நேரமாகிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். நாங்களே கேட்டுப் போனோம். சாளைக்குழம்பும் அவியலும் வைத்திருந்தார்கள். திரும்பி வரும்போது மனைவி சொன்னாள்: "35 வருடமாக இந்தத் தெருவுக்கு ஜெபம் பண்ண வந்திருக்கிறோம், சாப்பிட வந்ததே இல்லை." எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஆலயத்து மின்விசிறி இறக்கையில் 'உபயம்' என்று பெயர் எழுதுவதையும் அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். அது ஒப்பிட்டால் எளிது.

ஒன்றை மட்டும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாழ்மை என்ற பெயரில் அடங்கிக் கிட என்று பெண்களிடமும் ஏழைகளிடமும் சொல்கிற போதனையை நான் ஏற்பதில்லை. பிரதான ஆசாரியனுக்கு முன்பாகச் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். தம்மைத்தாமே வெறுமையாக்கி அடிமையின் ரூபமெடுத்தவர்தான் அப்படிக் கேட்டார். ஆகவே நீங்களும், "எனக்குப் பாடவே தெரியாது" என்று பொய் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் குரல் நல்ல குரலாகவே இருக்கட்டும். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்று பவுல் கேட்கிறாரே, அந்தக் கேள்வி உங்கள் குரலுக்கும் உண்டு, அந்தத் தம்பியின் குரலுக்கும் உண்டு.

அவனை மற்றவர்கள் முன்னால் புகழ்ந்து பேசுங்கள் என்று சிலர் உங்களுக்குச் சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். புகழும்போதும் பெரியவர் இடத்தில் நீங்கள்தான் இருப்பீர்கள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், குழுவினர் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவனிடம் போங்கள். உங்களுக்கு எட்டாமல் அவனுக்கு எட்டுகிற அந்த மேல்ஸ்தாயி வரியைக் குறிப்பிட்டு, "தம்பி, இந்த இடத்தில் மூச்சை எங்கே எடுக்கிறாய்? எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். மற்றவர்கள் காதில் விழட்டும். அவன் கூச்சப்படுவான், "உங்களுக்கா ஐயா, நானா?" என்பான். விட்டுவிடாதீர்கள். அவன் பாடிக் காட்டும்போது குறுக்கே பேசாமல் கேட்டு, அவன் சொல்கிறபடி ஒருமுறை பாடுங்கள். தப்பாகத்தான் வரும். அவன் திருத்துவான். இன்னொருமுறை பாடுங்கள்.