பரணில் கிடக்கும் 070: கயிற்றை இழுக்கும் முன்

கேள்வி: காவேரிப்பட்டணம் அருகே எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அப்பா மரம் அறுப்புக் குத்தகை எடுத்த காலத்தில் வைத்திருந்த, ஜெர்மன் கம்பெனியான ஸ்டிலின் 070 செயின்சா (மோட்டார் ரம்பம்) பதினைந்து ஆண்டுகளாகப் பரணில் கிடக்கிறது. காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்கிறார். பெட்ரோல் ஊற்றி இழுத்தால் ஓடிவிடும் என்கிறார் ஊர் மெக்கானிக். அப்பா நினைவாகப் புதுப்பித்துப் பெயின்ட் அடித்து வைக்க ஆசை. தோப்பில் பட்டுப்போன மரங்களை அதனாலேயே அறுக்கலாமா ஐயா?

பதில்: காயலான் கடைக்குப் போட வேண்டாம். மெக்கானிக் பேச்சைக் கேட்டு இழுத்துப் பார்க்கவும் வேண்டாம். அவர் சொல்வது பொய்யல்ல, ஓடத்தான் செய்யும். அப்படி ஓடியே கெட்ட இயந்திரங்கள் நிறைய.

பட்டறிவில் சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய பழைய செயின்சா அரூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. மூன்றாவது இழுப்பிலேயே ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து, ஆக்சிலேட்டரைத் தொடாமலே சத்தம் தானாக ஏறத் தொடங்கியது. நன்றாகச் சூடேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். கீச்சென்று ஒரு சத்தம், அதோடு சரி. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டனில் பூனை பிறாண்டியதுபோல மேலிருந்து கீழாகக் கோடுகள்.

நடந்தது இதுதான். கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்கள் வருடக்கணக்கில் காய்ந்து இறுகியிருந்தன. அந்த இடுக்கு வழியாகக் காற்று உள்ளே புகுந்தது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எண்ணெய் தனியாகப் போவதில்லை, பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். அலுமினியப் பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை சைலன்சரைக் கழற்றுவது. டார்ச் அடித்து அந்தத் துளை வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. அடுத்து ஸ்டார்ட்டர் கயிற்றைப் புதிதாக மாற்றிவிட்டு, அந்தக் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்து இயந்திரத்தைத் தொங்கவிடுங்கள். பத்துக் கிலோவுக்கு மேல் எடை, கால்விரல் பத்திரம். விட்டு விட்டு மெல்ல இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. கிணற்றில் வாளி விழுவதுபோல் இறங்கினால் ரிங் தேய்ந்திருக்கும், அல்லது சிலிண்டர் போயிருக்கும்.

பிறகு கசிவுச் சோதனை. யாரும் செய்யாத வேலை இது, செய்தே ஆக வேண்டியதும் இதுதான். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் பழைய லாரி டியூப் ரப்பரை வெட்டி வைத்து மூடுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, பிளக் துளை வழியாக அரை பார் அழுத்தத்துக்குக் காற்றடியுங்கள். பிளக் மரையில் பொருந்தும் ஓர் இணைப்பை ஓசூரில் எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள். இரு சீல்களிலும் சிலிண்டர் அடி கேஸ்கட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம் கசியும் இடம். சில சீல்கள் காற்றடித்தால் அடங்கியிருந்து, உறிஞ்சும்போது மட்டும் கசியும். அதனால் குமிழி வராவிட்டாலும் பதினைந்து வருட சீலை நான் மாற்றிவிடுவேன்.

கார்புரேட்டருக்குள் உள்ள டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு காய்ந்த வெங்காயத்தோல் போல ஆகியிருக்கும். அதையும் பெட்ரோல் குழாயையும் யோசிக்காமல் மாற்றுங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் சீக்கிரம் கெடும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலங்கள்.

பிளக்கில் பொறி வரவில்லை என்றால் காயிலைக் குறை சொல்லாதீர்கள். பழைய 070-களில் மேக்னெட் சக்கரத்துக்குப் பின்னால் பாயிண்ட் இருக்கும், அதாவது பொறிக்காகத் தொட்டுத் தொட்டுப் பிரியும் இரு உலோக முனைகள். அதில் படிந்த களிம்பே பெரும்பாலும் காரணம். சக்கரத்தைப் புல்லர் வைத்துத்தான் கழற்ற வேண்டும், சுத்தியல் ஆகாது. மெல்லிய எமரித் தாளால் தேய்த்த பின், ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைக் கீறிப் பெட்ரோலில் நனைத்துப் பாயிண்டுகளுக்கு இடையே இழுங்கள். அட்டை கறுப்பாக வராதவரை இழுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் புளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. துருப்பிடித்த பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), கிளட்ச் டிரம் போன்ற இரும்புகளைப் புளிக் கரைசலில் ஓர் இரவு ஊறப்போட்டால் துரு இளகிவிடும். ஆனால் இயந்திரத்தின் உடல் மக்னீசியக் கலவை. புளி பட்டால் நுரைத்து அரித்துவிடும். அதற்கு மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும் போதும். அதைக் கிரைண்டரில் தேய்க்கவும் கூடாது, மக்னீசியத் தூள் தீப்பற்றும்.

பெயின்ட் வேண்டாம் என்பது என் கட்சி. அப்பாவின் கைபட்டுத் தேய்ந்த கைப்பிடியைப் புதுப் பெயின்ட் மறைத்துவிடும். சேகரிப்பவர்களும் பழைய நிறத்தையே விரும்புவார்கள். உடலில் ‘மேற்கு ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1990-இல் ஜெர்மனி ஒன்றாகும் முன் வார்த்தது. 070-க்குப் போலிகள் ஏராளம் என்பதால் இந்த எழுத்துக்கு மதிப்பு உண்டு.

செயினையும் எறிந்துவிடாதீர்கள். மாந்தோப்புக்காரரான உங்களுக்குத் தண்டுத் துளைப்பான் புழுவைத் தெரியாமலிருக்காது. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946-இல் அப்படியொரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைப் பார்த்து, அதே அமைப்பில் பற்களை மாற்றி மாற்றி வைத்தார். உங்கள் செயினின் பற்கள் அந்தப் புழுவின் வாய்தான்.

மரம் அறுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. உங்கள் 070-இல், இயந்திரம் எகிறினால் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் கிடையாது. பார் நுனியின் மேல்பாதி கட்டையில் இடித்தால், இயந்திரம் கண்ணிமைக்கும் முன் முகத்தை நோக்கி எகிறும். 106 சி.சி. எஞ்சினைக் கையால் அடக்க முடியாது. பட்ட மரங்களுக்குப் பிரேக் உள்ள புது இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். இதைப் பொங்கலன்று செயினைக் கழற்றிவிட்டு, முறுக்காமல் ஐட்லிங்கில் ஓட்டிக் காட்டினால் போதும்.

சைலன்சர் துளை வழியாகப் பிஸ்டனைப் படமெடுத்து அனுப்புங்கள். கோடு விழுந்திருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் செலவைப் பற்றிப் பேச முடியும்.