வாசகர் கேள்வி – பதில்: ஆஸ்திரேலியக் கடலோரத்தில் தனியாகக் கார் பயணம்

வடசென்னை வாசகர்கள் சிலர், ஆஸ்திரேலியக் கடலோரமாகத் தனியே கார் ஓட்டிப் போவது பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஜூன் கடைசியில் சிட்னியில் இறங்கி, கடலோரமாக மெல்போர்ன், அங்கிருந்து பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் வரை தனியாக ஓட்ட ஆசை. நான்கு நாள் போதுமா? கன்னியாகுமரிக்கு ஒரே நாளில் ஓட்டிப் போன அனுபவம் உண்டு. – வாசகி, தண்டையார்பேட்டை

போதாதும்மா, எட்டு நாள் வையுங்கள். உங்கள் கை ஓட்டத்தில் குறையில்லை, அங்கே பகல்தான் குறைவு. ஜூன் கடைசியில் நமக்குச் சூரியன் மறைய மாலை ஆறரை தாண்டும். சிட்னியில் ஐந்துக்கு முன்பே மறைந்துவிடும். மெல்போர்னில் விடியவே ஏழரை ஆகிறது, ஐந்தே காலுக்குள் இருட்டிவிடுகிறது. ஊருக்கு வெளியே இருட்டில் ஓட்டக் கூடாது. நாலு மணிக்குத் தங்குமிடத்தின் சாவி கையில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

இருட்டில் ஏன் கூடாதென்றால், கங்காருக்கள் மேய வெளியே வருவது விடியலிலும் அந்தி நேரத்திலும்தான். ரோட்டிலிருந்து வடியும் மழைநீரால் ஓரத்துப் புல் பசுமையாக இருக்கும், அதைத் தேடி வரும். ஒன்று குறுக்கே தாண்டினால் பின்னால் இன்னொன்று வரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். எதிரே வந்துவிட்டால் ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். நேராகப் பிடித்தபடி பிரேக்கை அழுத்தமாக மிதியுங்கள். வெட்டித் திருப்பியவர்கள்தான் மரத்தில் மோதுகிறார்கள், வண்டி கவிழ்கிறது. மோதிவிட்டால் ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, முன்பக்கம் ரேடியேட்டரிலிருந்து பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர் ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகினால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், இன்ஜின் சூடேறிக் கெட்டுவிடும்.

சிட்னி–மெல்போர்ன் கடலோரப் பாதை, அதாவது பிரின்ஸஸ் நெடுஞ்சாலை, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். விமானம் இறங்கிய அன்று ஓட்ட வேண்டாம், நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் பேட்மன்ஸ் பே வரை சுமார் 280 கி.மீ. வழியில் கடலுக்கு மேலேயே போகும் 665 மீட்டர் நீளமுள்ள சீ கிளிஃப் பாலத்தைத் தவற விடாதீர்கள். அடுத்த நாள் ஈடன், 200 கி.மீ. குறைவாகத் தோன்றும், ஆனால் திமிங்கிலங்கள் வடக்கே போகும் காலம் அது, கடலோர மேட்டில் நின்று பார்க்க நேரம் வேண்டும். அதற்கடுத்த ஈடன்–லேக்ஸ் என்ட்ரன்ஸ், 240 கி.மீ., தான் கவனிக்க வேண்டிய நாள். காடு, வளைவு, இடையிடையே செல்போன் சிக்னல் கிடையாது. ஈடனில் டேங்கை நிரப்பிக்கொண்டு, வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்து, காலை ஒன்பதுக்குள் கிளம்புங்கள். பின்பு 320 கி.மீ. மெல்போர்ன். அங்கே ஒரு நாள் ஓய்வு.

கடைசி இரண்டு நாள், நீங்கள் கேட்ட அப்போஸ்தலர் பாறைகளுக்குப் போகும் கிரேட் ஓஷன் ரோடு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 தொடங்கி 1932 வரை கையால் வெட்டிப் போட்ட சாலை. சாலை தொடங்கும் டார்க்கீ ஊரிலிருந்து மேற்கே ஓட்டுங்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுவதால் கடல் உங்கள் பக்கமே இருக்கும். காட்சி இடங்களில் எதிர்வண்டியைக் குறுக்கே வெட்டாமல் நேரே ஒதுங்கலாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வடக்கே போகும்போது கடலைப் பார்க்க வலப்பக்கம் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்குமே, அந்தச் சிரமம் இல்லை. அப்பல்லோ பேயில் ஓர் இரவு, போர்ட் கேம்பெலில் ஓர் இரவு. திரும்பும்போது கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளிப் போகும் நெடுஞ்சாலையில் வந்துவிடுங்கள்.

நம்ம லைசென்ஸ் செல்லுமா? – வாசகர், கொருக்குப்பேட்டை

சுற்றுலாப் பயணியாகச் சில வாரம் ஓட்ட ஆங்கிலத்தில் உள்ள அசல் லைசென்ஸ் செல்லும். ஆனாலும் ஆர்.டி.ஓ. வழியாக சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்; வாடகைக் கார் கொடுப்பவர்கள் பலர் கேட்பார்கள். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அனுமதி மட்டும் தனியாகச் செல்லாது.

வாடகை ஒப்பந்தத்தில் மண் ரோடு, தண்ணீரில் இறக்குவது, வண்டியின் கூரை, அடிப்பாகம் ஆகியவற்றுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பல ஒப்பந்தங்களில் இவை சேராது.

லாட்ஜ் செலவை மிச்சப்படுத்த கேம்பர் வேனில் தூங்கலாமா? குளிர் தாங்குமா? – வாசகர், வியாசர்பாடி

தாங்கும், ஆனால் தயாராகப் போக வேண்டும். மெல்போர்னில் ஜூலை இரவு சராசரியாக 6 டிகிரி. நமக்கு மார்கழியிலேயே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இறங்கும். வேன் தரும் போர்வையை மட்டும் நம்பாதீர்கள். 0 டிகிரி வரை தாங்கும் தூக்கப் பை, கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ் வேண்டும்.

எல்லோருக்கும் வரும் தொல்லை கண்ணாடியில் நீர் கோப்பது. ஒருவர் இரவெல்லாம் விடும் மூச்சு காலையில் உள்பக்கக் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக நிற்கும், படுக்கையும் நசநசக்கும். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துப் படுப்பதுதான் காரணம். எதிரெதிர் ஜன்னல் இரண்டை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். காலையில் துணியால் துடைத்து, ஹீட்டரோடு ஏ.சி.யையும் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள். சூடு ஈரத்தைக் கிளப்பும், ஏ.சி. அதை உறிஞ்சும். நம்மூர் ஐப்பசி மழையில் செய்வதேதான். வெளியே பனி உறைந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

கேஸ் அடுப்பை மட்டும் உள்ளே குளிர்காய எரிக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். தனியாகப் போகிறவரை எழுப்பவும் பக்கத்தில் ஆள் இல்லை. மின் இணைப்புள்ள கேரவன் பார்க்கில், அதாவது வேன் நிறுத்தித் தங்கும் இடத்தில், இடம் எடுத்துச் சின்ன மின்ஹீட்டர் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது நாளாவது ஓர் அறையில் தங்கித் துணிகளை உலர்த்துங்கள்.

பெட்ரோல் பங்க்கில் ஆள் இருக்காதாமே? – வாசகி, பெரம்பூர்

நீங்களே போட வேண்டும். நாசிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள், நிறத்தை நம்பாதீர்கள். டீசல் மாறிவிட்டால் இன்ஜினை ஸ்டார்ட்டே செய்யாமல் வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். எந்த வகைப் பெட்ரோல் என்பது டேங்க் மூடியின் உள்பக்கம் இருக்கும். போட்டு முடித்து, பம்ப் எண்ணைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போய்ப் பணம் கட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். சின்ன ஊர்களில் மாலையே மூடிவிடுவார்கள். பாதி டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

கருவாடும் பருப்புப் பொடியும் எடுத்துப் போகலாமா? – வாசகி, ராயபுரம்

எதை எடுத்துப் போனாலும் விமானத்தில் தரும் படிவத்தில் "உணவு இருக்கிறது" என்று எழுதிவிடுங்கள். எழுதிக் காட்டினால் அதிகபட்சம் பொருளை வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவே ரத்தாகலாம். மேற்கே தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்துக்குள் போவதாக இருந்தால் பழம், காய்கறிகளை எல்லைக்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள். பழ ஈ பரவாமலிருக்கத் தடுக்கிறார்கள்.

கடலிலேயே வளர்ந்தவன் நான். குளிர்காலத்தில் அங்கே இறங்கிக் குளிக்கலாமா? – வாசகர், காசிமேடு

வேண்டாம் ஐயா. மெல்போர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலப் பக்கம் கடல்நீர் அப்போது 13, 14 டிகிரி. நம் கடலின் பாதிச் சூடுதான். குதித்த நொடியில் மூச்சு திணறித் தானாக இழுக்கும், அந்த இழுப்பில் தண்ணீர் உள்ளே போய்விடும். நீச்சல் தெரிந்தவருக்கும் அப்படித்தான். அங்கே பெரும்பாலான கடற்கரைகளில் அந்த மாதங்களில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார்கள்.

பாறைமேல் நின்று தூண்டில் போடுவதிலும் எச்சரிக்கை. தென் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை பல நாள் கழித்து வந்து சேரும். பத்து நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு நாலைந்து பேரலைகள் சேர்ந்தாற்போல ஏறும். பாறை நனைந்திருந்தால் அலை அங்கே வரை வருகிறது என்று பொருள். சுண்ணாம்புக்கல் முனைகளில் வேலி தாண்டவே கூடாது. அதே கடலோரத்தில் உள்ள லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப் பாலத்தின் ஒரு வளைவு 1990 ஜனவரியில் இடிந்து விழ, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட இருவரை ஹெலிகாப்டர் வைத்துத்தான் மீட்டார்கள். அப்போஸ்தலர் பாறைகளில் ஒன்று 2005 ஜூலை 3 அன்று, நீங்கள் போகப்போகும் அதே குளிர்காலத்தில், சரிந்தது. அவசரத்துக்கு எண் 000. செல்போனில் 112 போட்டாலும் போகும். தங்குமிடத்தில் இருப்பவரிடம், எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.