சோடா ஆப்பிள் முள்ளுச்செடி ஃப்ளோரிடா முழுக்கப் பரவுனதுக்கு மாடுதான் காரணமா?

மாடு ஒரு காரணம்தான், ஆனா அத விட பெரிய காரணம் அந்த மாட்ட லாரில ஏத்தி ஊர் ஊரா அனுப்புன மனுஷங்கன்னுதான் நான் சொல்வேன்.

ட்ராபிகல் சோடா ஆப்பிள், அதாவது சொலானம் வயாரம், கத்தரிக்காய் குடும்பத்து செடி. சொந்த இடம் பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே பக்கம். தண்டுல மட்டும் இல்ல, இலையோட ரெண்டு பக்கமும் முள்ளு இருக்கு, அதனால மாடு இலைய தொடவே தொடாது, ஆனா பழுத்து மஞ்சளா தொங்குற பழத்த மட்டும் தேடிப் போய் திங்கும். ஒரு பழத்துல 200லருந்து 400 விதை வரைக்கும் இருக்கும், அது வயித்துல செரிக்காம சாணியோட வெளிய வந்து அந்த சாணியையே உரமா வச்சுக்கிட்டு முளைச்சிரும். மான், காட்டுப்பன்னி, ரக்கூன் எல்லாமும் இதையேதான் பண்ணுது, ஆனா அதுங்க எவ்ளோ தூரம் போயிடப் போகுது.

ஃப்ளோரிடால 1988ல முதல்ல பதிவாச்சு, அடுத்த சில வருஷத்துலயே லட்சக்கணக்கான ஏக்கர் மேய்ச்சல் நிலம் போச்சு. 1995ல அமெரிக்க அரசு இத தடை செஞ்ச களைகள் லிஸ்ட்ல சேத்துது, அதுக்குள்ள மாடு, வைக்கோல், புல் விதைன்னு எல்லாத்தோடவும் ஒட்டிக்கிட்டு ஜார்ஜியா, அலபாமா பக்கமெல்லாம் போயிருச்சு. ஆஸ்திரேலியாலயும் 2010ல நியூ சவுத் வேல்ஸ்ல கண்டுபிடிச்சாங்க, அங்கயும் மாடு போற வழியிலதான் பரவுச்சு. மரத்தடி நிழல்ல புதரா மண்டிக்கிட்டா வெயில்ல மாடு ஒதுங்கக்கூட இடம் இருக்காது, அதுதான் எனக்கு ரொம்ப கஷ்டமா தோணுற விஷயம்.

இந்தச் செடிய ஒடுக்கறதுக்காக 2003ல ஃப்ளோரிடால, தென் அமெரிக்காவுலருந்து கொண்டு வந்த கிராட்டியானா பொலிவியானாங்கற வண்ட விட்டாங்க. இலையத் தின்னே செடிய ஒடுக்கிரும், ஃப்ளோரிடாவோட நடுப்பகுதியிலயும் தெற்குலயும் நல்லாவே வேலை செய்யுது, வடக்க குளிர் ஜாஸ்திங்கறதால அவ்ளோ எடுபடல. வண்ட மட்டும் நம்பி உக்காரக்கூடாதுங்க. மாட்ட வேற இடத்துக்கு ஏத்துறதுக்கு முன்னாடி இந்தப் பழமே இல்லாத இடத்துல 6 நாள் வச்சிருந்தா வயித்துல இருக்கற விதை மொத்தமும் வெளிய வந்துரும், இது செலவும் கம்மி. காய் வைக்கறதுக்கு முன்னாடியே செடிய வெட்டிருங்க, வேர்லருந்து திரும்பத் துளிர்க்கும், அப்பவும் விடாம வெட்டணும். ஏற்கனவே காய் புடிச்சிருந்தா வெட்டி அங்கயே போட்டுட்டு வராதீங்க, எல்லாத்தையும் பொறுக்கி எடுத்து எரிச்சிருங்க.