கிளுவை முள்ளில் ஒரு கொத்து

அன்புள்ள ஐயா,
அமெரிக்காவின் மொன்டானாவில், காட்டில் உதிர்ந்த முடியைப் பொறுக்கிக் கரடிகளை எண்ணினார்களாம். அதற்கு லட்சக்கணக்கான டாலர். பணத்தைக் கரியாக்குவது இல்லையா இது? முள்கம்பி கரடிக்கு வலிக்காதா? விலங்கியல் படித்த என் மகள் இந்த மாதிரி வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். என்ன சொல்ல?
பி., ஈரோடு

அன்புள்ள பி.,

கரடிக்கு வலிக்காது, விடுங்கள். பணத்தைப் பற்றி உங்களுக்கு முன்பே ஜான் மெக்கெய்ன் கேட்டுவிட்டார். அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளராக 2008 தேர்தல் விவாதத்தில், கரடி டிஎன்ஏ-வுக்கு 30 லட்சம் டாலரா, இது குற்ற வழக்கா, தகப்பன் யார் என்கிற வழக்கா என்று நக்கலடித்தார். நீங்களும் அவரும் ஒரே பெஞ்ச்.

ஈரோடு என்கிறீர்கள், கிளுவை வேலி பார்த்திருப்பீர்கள்தானே? எங்கள் அம்மிச்சி காலையில் வேலியோரம் நடப்பாள். முள்ளில் ஒரு கொத்து முடி நிற்கும். விரலில் உருட்டிப் பார்த்து, "இது அந்தச் செவலக் கிடாய்தான், சோளத்துக்குள்ள பூந்திருக்குது" என்பாள். ஆட்டை அவள் பார்த்திருக்கவே மாட்டாள். அன்று மத்தியானம் செவலைக்கு அடி விழும்.

உயிரியலாளர் கேத்தரின் கெண்டலின் குழு 2004 கோடையில் மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவிலும் சுற்றியுள்ள காடுகளிலும், 31,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், செய்ததும் அதுதான். மரங்களைச் சுற்றி முள்கம்பி, நடுவே அழுகிய மாட்டு ரத்தமும் மீனும். தின்ன ஒன்றும் கிடையாது, வாசம் மட்டும். கரடி குனிந்து நுழையும், முள்ளில் முடி நிற்கும். நீங்கள் 'உதிர்ந்த முடி' என்று எழுதியதில்தான் எனக்குக் கோபம். தானாக உதிர்ந்ததில் பல சமயம் உயிருள்ள வேர் இருக்காது. முள் பிடுங்கியதில் வேரும் கூடவே வரும், அதில்தான் அந்தக் கரடி இன்னார் என்று சொல்லும் அளவுக்கு டிஎன்ஏ. ஒரு முள்ளின் முடிக்கு ஒரு உறை. எடுத்தபின் முள்ளை நெருப்பில் காட்டுவார்கள், அடுத்த கரடியின் கணக்கில் இதன் முடி கலந்துவிடக் கூடாதே!

அப்புறம் கணக்கு. இதைப் பொறுமையாகப் படியுங்கள். வந்த கரடியே திரும்பத் திரும்ப வந்தால் காட்டில் இருப்பது கொஞ்சம்தான். ஒவ்வொரு தடவையும் புதுக் கரடியாக வந்தால் நாம் பார்க்காதது இன்னும் நிறைய இருக்கிறது. இந்த விகிதத்தை வைத்துத்தான் முள்ளில் சிக்காததையும் எண்ணுகிறார்கள். முடி கொடுத்த கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடிகள் 563. இருப்பவை சுமார் 765. 1975-லேயே அழிவின் அச்சுறுத்தலில் உள்ளதாகச் சட்டப் பாதுகாப்பு பெற்ற கிரிஸ்லி இது, எத்தனை என்றே தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? முடியே சிக்காத அந்த இருநூறுக்காகத்தான் சார் அவ்வளவு செலவும்! பார்க்காத ஆட்டுக்கு அம்மிச்சி அடி கொடுத்தாள், இவர்கள் பார்க்காத கரடிக்கு ஓர் எண் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மகளா? சரி, போகட்டும். கிளம்பும்போது காகித உறையாக வாங்கிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் ஈரம் கோத்து முடி பாழ்.