கேமரா ஊரில், நான் பெங்களூரில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கவலையைப் பேசுகின்றன. வீடு இங்கே, வேலை வேறெங்கோ. வீட்டில் இருக்கும் பொருளை அங்கிருந்து எப்படிப் பார்ப்பது? திங்கட்கிழமை விடியற்காலையில் பெங்களூர் பஸ் பிடித்து சனிக்கிழமை ராத்திரி திரும்புகிறவர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஏராளம். அதனால் ஆச்சரியமில்லை. ஒரு கடிதத்துக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். மற்றவர்களின் சந்தேகமும் அதிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஐயா, எங்கள் வீடும் மாந்தோப்பும் காவேரிப்பட்டணம் பக்கம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வீட்டில் நான்கு கேமராவும், படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் ஒன்றும் இருக்கின்றன. அப்பாவின் தோப்புக் கணக்கு, குடும்பப் போட்டோக்கள் எல்லாம் ஒரு பழைய லேப்டாப்பில். இரண்டையும் இங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று ஒருவரிடம் 1,500 ரூபாய் கொடுத்து, வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் டிவிஆருக்குத் திருப்பிவிடும் 'போர்ட் ஃபார்வர்டு' செய்தேன். வீட்டில் உட்கார்ந்து பார்த்தபோது போனில் அருமையாகத் தெரிந்தது. பெங்களூர் வந்ததும் ஒன்றும் வரவில்லை. கேட்டால் 'உங்க நெட் ஸ்லோ சார்' என்கிறார். அதுதான் காரணமா?

பதில்: இல்லை தம்பி. நெட் ஸ்லோவாக இருந்தால் படம் தேங்கித் தேங்கி வரும். ஒன்றுமே வராமல் இருக்காது.

வீட்டில் தெரிந்ததற்கும் அவர் செய்த வேலைக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். வீட்டு வைஃபையில் இருக்கும் போன், அதே வைஃபையில் இருக்கும் டிவிஆரை நேராகப் பார்த்துவிடும். வெளியூரிலிருந்து தெரியுமா என்று சோதிக்க, போனில் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. அதைக்கூடச் செய்து காட்டாமல் காசு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். பிரவுசரில் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் 'வான் ஐபி' என்று ஓர் எண் இருக்கும், ரவுட்டருக்கு நெட் கம்பெனி கொடுத்த முகவரி அது. அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் கூகுளில் 'என் ஐபி என்ன' என்று தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் சரி. வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரைக்குள் அல்லது 10 என்று தொடங்கினால், உங்கள் வீட்டுக்கென்று தனி முகவரி கிடையாது. நம் பக்கத்துக் கேபிள் நெட், ஃபைபர் நெட்டில் நான் பார்த்த பெரும்பாலான வீடுகள் இப்படித்தான். (ஒருவேளை கேபிள்காரர் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் சொந்தமாக இன்னொரு ரவுட்டர் மாட்டியிருந்தால், அவர் பெட்டியில் உள்ள எண்ணைப் பாருங்கள்.)

ஏன் இப்படி? பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். கைவசம் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் பங்கு போட்டுக் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதனால் நெட் கொடுக்கும் கம்பெனிகள் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. இதற்கு 'சிஜி நாட்' என்று பெயர்.

உங்கள் அப்பாவிடம் 'பி.பி. நம்பர்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். அந்தக் காலத்தில் தெருவுக்கு ஒரு போன்தான், மளிகைக் கடையில் இருக்கும். கல்யாணப் பத்திரிகை முதல் வேலை விண்ணப்பம் வரை எல்லோரும் அந்த நம்பரையே போட்டு, பக்கத்தில் 'பி.பி.' என்று எழுதுவார்கள். நாம் கடைக்குப் போய் யாருக்கும் போன் பண்ணலாம். ஆனால் வெளியிலிருந்து நமக்கு வரும் போன், கடைக்காரர் பையனை அனுப்பிக் கூப்பிட்டால்தான் நமக்கு வந்து சேரும். உங்கள் வீட்டு நெட் இப்போது பி.பி. நம்பரில் இருக்கிறது. நீங்கள் காசு கொடுத்தவர் செய்த போர்ட் ஃபார்வர்டு, 'போன் வந்தால் எனக்குச் சொல்லு' என்று உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி வைத்தது மாதிரி. கடைக்காரரிடம் யாரும் சொல்லவில்லை.

தனி முகவரி, அதாவது 'ஸ்டேட்டிக் ஐபி', கேட்டால் சில கம்பெனிகள் கூடுதல் கட்டணத்துக்குக் கொடுக்கின்றன. வேண்டாம் என்பேன். கதவே இல்லாத வீட்டுக்குக் காசு கொடுத்துக் கதவு வைத்து, அதைத் தெருப் பக்கம் திறந்தும் வைப்பானேன்? இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன்.

2017-ல் தருமபுரியில் ஒரு புளி மண்டிக்கு எட்டு கேமரா போட்டுக் கொடுத்தேன். கொட்டை எடுக்கும் இடம், எடை போடும் இடம், குடோன், எல்லாம். மண்டிக்காரர் வெளியூர் அலைகிறவர். எங்கிருந்தாலும் பார்க்க வேண்டும் என்றார். அப்போது அந்த லைனில் தனி முகவரி கிடைத்தது. நானே போர்ட் திறந்துவிட்டேன். டிவிஆர் கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை மாற்றவில்லை. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் போன்: 'சார், கேமராவுல என்னமோ எழுதியிருக்கு.' போய்ப் பார்த்தால் எட்டுப் படத்திலும் கேமராவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஹேக்டு' என்று இருக்கிறது. புளி ஒன்றும் திருடு போகவில்லை. ஆனால் அங்கே வேலை செய்யும் இருபது பெண்களை யாரோ முகம் தெரியாதவன் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தானோ. மண்டிக்காரர் என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. அதற்கு முந்தைய வருடம், 2016-ல், 'மிராய்' என்ற வைரஸ் இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்களைத் தேடித் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது அறுபத்துச் சொச்சம் கம்பெனி பாஸ்வேர்டுகளின் பட்டியல் மட்டும்தான். பிடித்த பெட்டிகளையெல்லாம் படையாகத் திரட்டி அக்டோபரில் அடித்த அடியில், அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மணிக்கணக்கில் திறக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? வெளியிலிருந்து யாரும் உள்ளே கூப்பிட வேண்டாம். வீட்டுப் பெட்டியே வெளியே கூப்பிட்டு லைனைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். கடையிலிருந்து நாம் போன் பண்ணத் தடையில்லை அல்லவா, அதே கணக்கு.

கேமரா மட்டும் போதும் என்றால் டிவிஆர் கம்பெனியின் சொந்த ஆப்பே போதும். டிவிஆரின் மெனுவில் ஒரு கியூஆர் கோடு இருக்கும். அதை ஆப்பில் ஸ்கேன் செய்தால் போதும். டிவிஆர் தன் கம்பெனியின் சர்வரை அழைத்து அங்கே காத்திருக்கும், உங்கள் போனும் அங்கேயே போய்ச் சேர்ந்துகொள்ளும். பாஸ்வேர்டை மட்டும் முதலில் மாற்றுங்கள். உங்கள் வீட்டுப் படம் இன்னொரு கம்பெனி வழியாக வருகிறது என்பது மனதுக்கு ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்.

உங்களுக்கு லேப்டாப்பும் வேண்டுமே. அதற்கு 'டெயில்ஸ்கேல்' என்ற மென்பொருளைப் பாருங்கள். இதுவும் தானே வெளியே அழைத்து, உங்கள் போனும் லேப்டாப்பும் ஒரே வீட்டு நெட்டில் இருப்பது போல இணைத்துவிடும். அடியில் ஓடுவது 'வயர்கார்டு' என்ற பூட்டு முறை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே 2020 முதல் அது இருக்கிறது. வீட்டு அளவுக்கு இலவசத் திட்டமே போதும். தோப்புக் கணக்கு இருக்கும் லேப்டாப்பில் அதைப் போடுங்கள், உங்கள் போனிலும் போடுங்கள், இரண்டிலும் ஒரே அக்கவுண்டில் நுழையுங்கள். லேப்டாப் தெரிந்துவிடும். டிவிஆரில் இதைப் போட முடியாது. அதனால் லேப்டாப்பையே வழிகாட்டியாக்க வேண்டும்; 'சப்நெட் ரவுட்டர்' என்று தேடினால் முறை கிடைக்கும். அந்த வழியை டெயில்ஸ்கேலின் இணையப் பக்கத்தில் போய் ஒருமுறை அனுமதிக்கவும் வேண்டும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் 'வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறார்கள்.

மூன்று இடத்தில் கால் இடறும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்று, லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும். மூடினாலும் ஓடும்படி மாற்றுங்கள். டிவிஆருக்கும் ரவுட்டரிலேயே ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிடுங்கள், கரண்ட் போய் வந்தால் எண் மாறிவிடலாம். இரண்டாவது, டெயில்ஸ்கேலின் அனுமதி 180 நாளில் காலாவதியாகும். வீட்டு லேப்டாப்புக்கு மட்டும் அந்தக் காலாவதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சரியாக மாங்காய்ச் சீசனில், நீங்கள் லீவு கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருக்கும் வாரத்தில், அது நிற்கும். மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீட்டு ரவுட்டர் கொடுக்கும் எண்களும் 192.168.1, பெங்களூர் ரூம் ரவுட்டர் கொடுக்கும் எண்களும் 192.168.1 என்று தொடங்கினால், போன் குழம்பிப்போய் ரூமுக்குள்ளேயே டிவிஆரைத் தேடும். வீட்டு ரவுட்டரை 192.168.57 என்று எதையாவது வையுங்கள். 57-க்குப் பதில் உங்கள் ஊர் பஸ் நம்பரைக்கூட வைக்கலாம், 254-ஐத் தாண்டாமல்.

எல்லாம் ஓடியதும், 1,500 ரூபாய் வாங்கியவர் திறந்த போர்ட்டை ரவுட்டரில் அழித்துவிடுங்கள். 'யுபிஎன்பி' என்று ஒன்று இருந்தால் அதையும் அணையுங்கள். அது பெட்டிகள் தாங்களாகவே போர்ட் திறந்துகொள்ள விடும் வசதி.

கேள்வி: சார், அம்மா பென்னாகரம் பக்கம் கிராமத்தில் தனியாக இருக்கிறார். அங்கே கேபிள் நெட் இல்லை. போன வருடம் வழுக்கி விழுந்ததிலிருந்து எனக்குப் பயம். சிம் போடும் ரவுட்டர் வாங்கிக் கேமரா வைக்கலாமா? டேட்டா எவ்வளவு ஆகும்? அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை.

பதில்: வைக்கலாம். சிம் ரவுட்டரும் பி.பி. நம்பர்தான். ஆனால் வைஃபை கேமராவின் ஆப் மேலே சொன்னபடி தானே வெளியே அழைத்துக்கொள்ளும், பிரச்சினையில்லை. டேட்டா கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் படம் வந்தால், ஒரு மணி நேரம் பார்க்க 450 எம்பி. தரத்தைப் பாதியாகக் குறைத்தால் 225. கேமராவிலேயே மெமரி கார்டு போட்டுப் பதிவு செய்தால், நீங்கள் பார்க்கும் நேரத்துக்குத்தான் பெரும்பாலும் டேட்டா செலவாகும். கிளவுடில் பதிவு செய்யும் திட்டத்தை எடுத்துவிடாதீர்கள், தினசரி டேட்டா காலைக்குள் காலியாகும். கரண்ட் போனாலும் ஓட, ரவுட்டரின் வோல்ட்டுக்குப் பொருந்தும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள்.

கடைசி வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். அம்மாவுக்கு இஷ்டமில்லை என்றால் வீட்டுக்குள் வைக்காதீர்கள். வாசல் திண்ணையைப் பார்க்கிற மாதிரி ஒன்று மட்டும் வைக்கக் கேட்டுப் பாருங்கள். காலையில் கோலம் போட வந்தாரா என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், அவருக்கும் உறுத்தாது. பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். விழுந்தவரைக் கேமரா தூக்கிவிடாது. இன்னொன்று, கேமராவில் ஸ்பீக்கர் இருக்கிறது என்று சொல்லாமல் கொள்ளாமல் பேசாதீர்கள். களி கிண்டிக்கொண்டிருந்த என் பெரியம்மாவை அவர் மகன் துபாயிலிருந்து அப்படிக் கூப்பிட்டு, அவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்.

கேள்வி: சென்ற இதழில், 192.168 என்று தொடங்குவது மட்டுமே வீட்டுக்குள் புழங்கும் முகவரி என்று எழுதினீர்கள். எங்கள் ஓசூர் கம்பெனியில் 10 என்று தொடங்குகிறதே?

பதில்: தவறு என்னுடையது. 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரையிலானவையும் அதே வகைதான். மூன்றையும் 1996-லேயே ஒதுக்கிவிட்டார்கள். மேலே சொன்ன 100.64 வரிசை 2012-ல் நெட் கம்பெனிகளுக்கென்று தனியாக ஒதுக்கியது.

கேள்வி: ஊத்தங்கரை பக்கம் எங்கள் போர் மோட்டாரை நெட் வழியாகப் போட்டு நிறுத்த, ஸ்மார்ட் பிளக் வாங்கலாமா? 5 ஹெச்பி, த்ரீ ஃபேஸ்.

பதில்: கூடவே கூடாது. அந்த பிளக் சிங்கிள் ஃபேஸ் வீட்டுச் சாமான்களுக்கானது. உங்களுக்கு வேண்டியது மொபைல் ஸ்டார்ட்டர். நெட்டே வேண்டாம், ஒரு சிம் போட்டால் போன் காலிலும் எஸ்எம்எஸ்ஸிலும் வேலை செய்யும். தண்ணீர் இல்லாமல் ஓடினாலும், ஒரு ஃபேஸ் போனாலும் தானே நிறுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். 2ஜி மட்டும் எடுக்கும் பெட்டி என்றால் ஜியோ சிம் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி கிடையாது. கடையிலேயே சிம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். என் மச்சான் தோட்டத்தில் மோட்டார் ஓடவில்லை என்று ஃபியூஸ் பார்த்து, கேபிள் பார்த்து, அரூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து, மோட்டாரை மேலே தூக்க ஆள் சொல்லியாகிவிட்டது. மெக்கானிக்தான் அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்தார். வேலிடிட்டி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.