நர்ஸ் ஆக எந்தக் குரூப் எடுக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வந்தாலே எனக்குக் கேள்விகள் குவிந்துவிடும். டாக்டர் படிப்பைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறார்கள். நான் நர்சிங் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆஸ்பத்திரியின் மற்ற வேலைகளைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்டர், என் மகளுக்குக் கணக்கு என்றாலே பயம். நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள். பயாலஜி-மேத்ஸ் குரூப்தான் எடுக்க வேண்டுமா? (ஒரு தந்தை, அறந்தாங்கி)

வேண்டியதில்லை. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக வரும் பியூர் சயின்ஸ் குரூப் போதும். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அரசுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம் கிடைக்கிறது. ராணுவ நர்சிங் கல்லூரிகள் மாதிரி சில இடங்களில்தான் நீட் மதிப்பெண் கேட்பார்கள். பொறியியலா, மருத்துவத் துறையா என்று இன்னும் முடிவாகாத பிள்ளையாக இருந்தால் பயாலஜி-மேத்ஸ் நல்லது. உங்கள் மகள்தான் முடிவு செய்துவிட்டாளே.

ஆனால் கணக்கிலிருந்து அவள் முழுதாகத் தப்பிவிட முடியாது, இப்போதே சொல்லிவிடுங்கள். 500 மில்லி குளுக்கோஸ் 8 மணி நேரத்தில் இறங்க வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் டிரிப் குழாய். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைக்க வேண்டும்? (21.) இது எட்டாம் வகுப்புக் கணக்குதான். ராத்திரி மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் யாரோ முனகிக்கொண்டிருக்கும்போது போட வேண்டும், அவ்வளவுதான். விகிதமும் தசமப் புள்ளியும் தடுமாறாமல் வந்தால் போதும். இந்த விடுமுறையிலேயே அதைச் சரி செய்துவிடலாம்.

அப்புறம் ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால், 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அலுவலகத்தில் கேளுங்கள்.

எங்கள் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன்னிலேயே நர்சிங் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. அதில் சேர்ந்தால் பிளஸ் டூ முடித்ததும் நர்ஸ் ஆகிவிடலாமா?

ஆக முடியாது. அந்தச் சான்றிதழை மட்டும் வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய இயலாது. அதற்காக அந்தப் பிரிவு வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் படித்துவிட்டு வந்த மாணவிகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். படுக்கை விரிப்பது, நாடி பார்ப்பது, நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்களுக்கு முதல் மாதத்திலேயே கைவந்துவிடும்.

சேர்வதற்கு முன் யோசிக்க வேண்டியது வேறு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்று வருட டிப்ளமோவான ஜி.என்.எம்.முக்கும் இரண்டு வருடத் துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம்.முக்கும் விதி இவ்வளவு கறார் இல்லை, கலைப் பிரிவில் படித்தவர்களும் சேரலாம். ஜி.என்.எம். முடித்த பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று மேலே படிக்கவும் வழி உண்டு. பட்டப்படிப்புக்கு நேராகப் போக ஆசை என்றால் அறிவியல் பிரிவை எடுங்கள்.

ஆண் பிள்ளைகள் நர்சிங் படிக்கலாமா?

தாராளமாக. பி.எஸ்சி., ஜி.என்.எம். இரண்டிலும் சேர்க்கிறார்கள். ஏ.என்.எம். மட்டும் பெண்களுக்கு.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நிறுவனம். "ஆறே மாதத்தில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், வேலை உறுதி" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். அண்ணன் மகளைச் சேர்க்க முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். இந்தக் கேள்வி எனக்கு வராத வருடமே கிடையாது. பாதிப் பேர் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். துணை மருத்துவப் பணிகளுக்காக 2021-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. லேப் டெக்னீஷியன், எக்ஸ்ரே, டயாலிசிஸ், தியேட்டர் டெக்னீஷியன் மாதிரியான பணிகள் அதில் வருகின்றன. இந்தப் பணிகளுக்கான படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு வருடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நாளுக்கு ஆறு மணி நேரம், மாதம் 25 நாள் என்று ஆறு மாதம் ஓட்டினாலும் 900 மணி நேரம்தான் தேறும். பாதிகூட இல்லை.

நர்சிங்குக்குத் தனிச் சட்டம், தனிக் கவுன்சில். தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதிகள் கவுன்சிலில் பெயரைப் பதிந்து எண் வாங்கியவரே நர்ஸ். அந்த எண் இல்லாமல் அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ விண்ணப்பம் போடவே முடியாது. சின்ன கிளினிக்குகளில் வெள்ளை உடை கொடுத்து வேலைக்கு வைத்துக்கொள்வார்கள், உண்மைதான். சம்பளம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. ஏதாவது தவறு நடந்தால் முதலில் கைகழுவப்படுவதும் அந்தப் பெண்தான்.

நேரில் போய்க் கேளுங்கள். தேர்வை நடத்துவது யார், பல்கலைக்கழகமா, அரசு வாரியமா, இல்லை இவர்களேவா? போன வருடம் முடித்தவர்களில் ஒருவருடைய கவுன்சில் பதிவு எண்ணைக் காட்டுவார்களா? பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், அங்கே எத்தனை படுக்கை? மூன்றாவது கேள்விக்கு "எல்லா ஆஸ்பத்திரியோடும் டை-அப் இருக்கு" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை கண்ணியமான வேலை. வீட்டில் முதியவர்களைக் கவனிக்க அப்படிப்பட்டவர்கள் நிறையத் தேவைப்படுகிறார்கள். உதவியாளர் படிப்பை உதவியாளர் படிப்பு என்றே சொல்லி நடத்தினால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. மருத்துவத் துறை எனக்கு ஆகாதா? (பிளஸ் ஒன் மாணவி)

ஆகும். முதல் முறை ஆபரேஷன் தியேட்டருக்குள் போன அன்று சாய்ந்தவர்கள் என் மாணவிகளில் எத்தனையோ பேர். அவர்களில் சிலர் இன்று தியேட்டர் நர்ஸ்.

மற்ற பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தைப் பார்த்து வரும் பயத்தில் மட்டும் சட்டென்று ஏறி, பிறகு தடாலென்று இறங்கும். மயக்கம் வருவது அதனால்தான். எனவே "ரிலாக்ஸ்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உடலை இறுக்க வேண்டும். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடேறும்வரை பத்துப் பதினைந்து விநாடி இறுக்கிப் பிடியுங்கள், அரை நிமிடம் விடுங்கள், ஐந்து முறை செய்யுங்கள். வீட்டில் தினமும் பழகிவிட்டு, ஊசி போடும் படம், அப்புறம் வீடியோ, அப்புறம் நேரில் என்று படிப்படியாகப் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும். தியேட்டருக்கு வெறும் வயிற்றோடு போகாதீர்கள், முட்டியைப் பூட்டியபடி விறைப்பாக நிற்காதீர்கள். தலை சுற்றினால் வெட்கப்படாமல் கீழே உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்தவளை யாரும் திட்ட மாட்டார்கள், விழுந்து மண்டை உடைந்தால்தான் எங்களுக்கு வேலை.

நான் தமிழ் மீடியம். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம் என்கிறார்கள். சமாளிப்பேனா?

முதல் ஆறு மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் மருத்துவச் சொற்கள் கிரேக்கம், லத்தீனிலிருந்து வந்தவை, ஆங்கில மீடியம் பிள்ளைக்கும் அவை புதுசுதான். அவை துண்டு துண்டாகக் கோத்த சொற்கள். கடைசியில் 'ஐட்டிஸ்' வந்தால் அழற்சி. 'எக்டமி' வந்தால் வெட்டி எடுப்பது. அப்பெண்டிசைட்டிஸ் குடல்வால் அழற்சி, அப்பெண்டிசெக்டமி குடல்வாலை எடுத்துவிடுவது. முன்னால் 'ஹைப்பர்' வந்தால் அதிகம், 'ஹைப்போ' வந்தால் குறைவு. இப்படி ஒரு ஐம்பது துண்டுகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் புரியும். நோயாளியிடம் தமிழில்தானே பேசப்போகிறீர்கள், அங்கே உங்கள் கைதான் ஓங்கியிருக்கும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்துவிட்டேன். இப்போது மருத்துவத் துறைக்கு வர ஆசை.

டி.பார்ம்., அதாவது மருந்தாளுநர் டிப்ளமோ, பாருங்கள். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணக்கோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும். இரண்டு வருடப் படிப்பு, அதற்குப் பிறகு 500 மணி நேரப் பயிற்சி, பின்பு பார்மசி கவுன்சிலில் பதிவு. அரசு மருந்தாளுநர் வேலைக்கு இது போதும். சொந்தமாக மருந்துக்கடை வைக்கலாம், பி.பார்ம். பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் செய்யலாம். லேப் டிப்ளமோவுக்கு உயிரியல் கேட்பார்கள்.

உயிரியலைத் தனியாகக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதவும் 2023 நவம்பரிலிருந்து அனுமதி உண்டு.

மகன் நீட் மூன்றாவது முறை எழுதப்போகிறான். விடலாமா?

எழுதட்டும், ஆனால் சும்மா வீட்டில் உட்கார்ந்து வேண்டாம். ஏதாவது ஒரு அலைடு ஹெல்த் (துணை மருத்துவ) பட்டப்படிப்பில் சேர்ந்துகொண்டு எழுதச் சொல்லுங்கள். கிடைத்தால் போகட்டும். இரண்டு வருடமாக அந்த அறையில் அவன் யாரோடு பேசுகிறான் என்றும் கொஞ்சம் பாருங்கள் அம்மா.

படிப்பு தொடங்கும் முன் பள்ளியிலேயே ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா?

ஜூனியர் ரெட் கிராஸ் உங்கள் பள்ளியிலும் இருக்கும், சேருங்கள். முதலுதவி வகுப்பு நடந்தால் பேருக்கு உட்கார்ந்திருக்காமல் இதயம் நின்றவருக்குச் செய்வது போலப் பொம்மையின் மார்பை அழுத்திப் பழகுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழம். இரண்டு நிமிடத்தில் தோள் கழன்றுவிடும்போல வலிக்கும்.

இன்னொன்று, ரத்தம் வழியே தொற்றும் கல்லீரல் அழற்சியான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசி. மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். வார்டுக்குள் போகும் முன் முடிந்திருப்பது நல்லது, அதனால் சேர்க்கை உறுதியானதுமே தொடங்கிவிடுங்கள். குழந்தையில் போட்டிருந்தால் அந்த அட்டையை அம்மாவிடம் தேடி எடுக்கச் சொல்லுங்கள்.