மைவி காருக்கு, உயரத்தைக் குறைக்கும் லோவரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டால் போதுமா, ஸ்பிரிங்கின் குதிப்பை அடக்கும் அப்சார்பரும் மாற்றணுமா?

தினமும் கோலாலம்பூர் நெரிசலில் ஓடும் காருக்கு 25-30 மில்லிமீட்டர் இறக்கமே தாராளம். அதற்கு மேல் போனால் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலை மேடுகளும் கொண்டோ பார்க்கிங் சரிவும் முன் பம்பரைப் பதம் பார்த்துவிடும்.

ஸ்பிரிங் மட்டும் மாற்றுவது பாதி வேலைதான். கடினமான ஸ்பிரிங் அமுங்கியதும் வேகமாக எழும். பழைய அப்சார்பரால் அதை அடக்க முடியாமல் கார் குதிக்கும். அமுங்க இடமும் குறைவதால் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் அடிக்கடி இடிக்கும், அப்சார்பரின் சீல் போய் எண்ணெய் கசியும். தாழ்ந்த உயரத்துக்கென்றே செய்த அப்சார்பரை ஜோடியாக வாங்குங்கள். அப்சார்பரின் மேல்முனையைக் காரின் உடலோடு பிணைக்கும் டாப் மவுண்ட்டையும் கூடவே மாற்றினால் கூலி மிச்சம்.

சக்கரத்தைக் காரோடு இணைக்கும் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை, டயர் தரையில் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். பிறகு சக்கர அலைன்மென்ட் பாருங்கள், டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) விலகியிருந்தால் டயர் விளிம்பு தேயும். ஸ்பிரிங்கை வெட்டித் தரும் கடைப் பக்கமே போகாதீர்கள்.